இருபது நிமிடத்தில் பளபளக்கும் பன்றிக்கறி: ஜப்பானிய வீட்டுச் சமையல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டோக்கியோவில் நிஷி கசாய் பக்கம் குடியிருந்த வருடங்களில் வாரத்துக்கு ஒருமுறையாவது எங்கள் வீட்டில் தெரியாக்கி முறையில் செய்த இந்தப் பன்றிக்கறி இருக்கும். எதிர்வீட்டுப் பாட்டி சொல்லிக்கொடுத்தது. வேலை முடிந்து எட்டு மணிக்கு வீடு திரும்பினாலும், ரைஸ் குக்கரில் சோறு மட்டும் தயாராக இருந்தால் எட்டரைக்குச் சாப்பிட உட்கார்ந்துவிடலாம். அங்கே புதிதாகக் குடிபோகிறவர்களும், ஊரிலேயே செய்து பார்க்க நினைக்கும் நண்பர்களும் கேட்கிற கேள்விகள் பெரும்பாலும் ஒன்றாகவே இருப்பதால், எல்லாவற்றுக்கும் இங்கே பதில் எழுதிவைக்கிறேன்.

தெரியாக்கி என்பது பாட்டிலில் விற்கும் சாஸின் பெயர்தானே?

இல்லை, அது சமைக்கும் முறையின் பெயர். ஜப்பானிய மொழியில் ‘தெரி’ என்றால் பளபளப்பு, ‘யாக்கி’ என்றால் சுடுவது அல்லது வாட்டுவது. சோயா சாஸ், மிரின் (இனிப்பான சமையல் மது), சாக்கே (அரிசி மது), சர்க்கரை நான்கும் சேர்ந்து சூட்டில் வற்றி, பாகாகி, மேலே கண்ணாடி பூசினாற்போல் படியும்போது வருகிற மினுமினுப்புதான் அந்தத் ‘தெரி’. ஆரம்பத்தில் இதைப் பெரும்பாலும் மீனுக்குத்தான் செய்தார்கள். குளிர்காலத்தில் கொழுப்பேறி வரும் ‘புரி’ மீனில் செய்த தெரியாக்கி இன்றும் அங்கே வீடுகளில் வழக்கம்.

பாட்டில் சாஸ் பிறகு வந்தது. ஹவாய்க்குப் போன ஜப்பானியக் குடியேறிகள் அங்கே கிடைத்த அன்னாசிச் சாற்றையும் பழுப்புச் சர்க்கரையையும் சேர்த்தார்கள். 1961இல் கிக்கோமன் நிறுவனம் அமெரிக்கச் சந்தைக்காகத் தெரியாக்கி சாஸை விற்கத் தொடங்கியது. 1976இல் சியாட்டில் நகரில் தோஷி கசஹாரா என்பவர் திறந்த சிறிய கடையிலிருந்து அந்த ஊருக்கென்றே ஒரு தெரியாக்கிக் கடைப் பரம்பரை உருவானது. அவையெல்லாம் அவற்றுக்குரிய விதத்தில் நல்ல சாப்பாடுதான். ஆனால் கெட்டியாக்கும் மாவு கலந்த பாட்டில் சாஸை ஊற்றினால் கறி பிசுபிசுப்பாகத்தான் இருக்கும். பளபளப்பு வேண்டுமானால் சாறு உங்கள் வாணலியிலேயே வற்ற வேண்டும்.

ஷோகாயாக்கி, புட்டாடோன் என்றெல்லாம் சொல்கிறார்களே, அவையும் இதுவும் ஒன்றா?

அக்கா தங்கைகள் என்று சொல்லலாம். ‘ஷோகா’ என்றால் இஞ்சி. மெல்லிய பன்றிக்கறித் துண்டுகளை இஞ்சி சேர்த்த சோயா சாற்றில் புரட்டியெடுப்பது ஷோகாயாக்கி. ஜப்பானில் மதியச் சாப்பாட்டுக் கடைகள் எதில் நுழைந்தாலும் பெரும்பாலும் இது இருக்கும். வீட்டில் பன்றிக்கறி என்றால் அங்கே முதலில் நினைவுக்கு வருவதும் இதுதான்.

புட்டாடோன் கதை கொஞ்சம் வேறு, எனக்கு மிகப் பிடித்ததும் அதுதான். ‘புட்டா’ பன்றி, ‘டோன்’ கிண்ணச் சோறு. வடக்கே ஹொக்கைடோ தீவில் தொகாச்சி சமவெளியில் ஒபிஹிரோ என்று ஒரு ஊர் இருக்கிறது. 1883இல் யோதா பென்ஸோ தலைமையில் வந்து காடு திருத்திக் குடியேறியவர்கள் அங்கே பன்றி வளர்த்தார்கள். அரை நூற்றாண்டுக்குப் பிறகு, 1933இல், ‘பன்ச்சோ’ என்ற உணவகம் அந்த ஊரில் திறந்தது. விலாங்கு மீனை இனிப்பு சோயாச் சாறு தடவிக் கரியில் சுட்டுச் சோற்றின் மேல் வைத்துத் தருவது ஜப்பானில் பெரிய விருந்து, ஆனால் விலை அதிகம். அதே சாற்றின் வகையைப் பன்றிக்கறிக்குத் தடவிக் கரியில் சுட்டால் என்ன என்று யோசித்ததிலிருந்து பிறந்தது புட்டாடோன். சதுப்பு நிலம் திருத்தியும் மாடு மேய்த்தும் வந்தவர்களுக்கு வயிறு நிறையும் சாப்பாடாக அது நின்றுவிட்டது. இன்றைக்கும் ஒபிஹிரோவுக்குப் போகிறவர்கள் அதைச் சாப்பிடாமல் திரும்புவதில்லை.

இந்தப் பக்கத்தில் நான் சொல்லப்போவது இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிற வீட்டு முறை. துண்டு ஷோகாயாக்கி மாதிரி மெல்லியது, சாறு புட்டாடோன் மாதிரி வற்றிப் பளபளப்பது.

ஜப்பானியர்கள் மீன்தானே சாப்பிடுவார்கள்? பன்றிக்கறி எப்போது வந்தது?

675இல் தென்மு பேரரசர் மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி ஆகிய ஐந்தையும் வருடத்தில் சில மாதங்கள் உண்ணக் கூடாது என்று ஆணையிட்டார். அதற்குப் பிறகு பல நூற்றாண்டுகள் நாற்கால் பிராணிகளின் இறைச்சி பொதுவில் மதிப்பான உணவாக இருக்கவில்லை. ஆனாலும் தெற்கே ஒகினாவாவிலும், இன்று ககோஷிமா என்று சொல்லப்படும் சட்சுமா பகுதியிலும் பன்றி தொடர்ந்து வளர்த்தார்கள். ஜப்பானை ஆண்ட இராணுவத் தலைவர்களான ஷோகுன்களில் கடைசியானவர் தொகுகாவா யோஷினொபு. அவருக்குப் பன்றிக்கறி மேல் அத்தனை ஆசை. அதைச் சொல்லியே அவருக்கு ஒரு பட்டப்பெயரும் வைத்தார்கள். 1872இல் மெய்ஜி பேரரசர் மாட்டிறைச்சி உண்ட செய்தி வெளியான பிறகுதான் நாடு முழுவதும் தயக்கம் விலகத் தொடங்கியது. ககோஷிமாவின் கறுப்புப் பன்றி, ‘குரோபுட்டா’, இன்று நல்ல விலைக்குப் போகிறது.

எந்தப் பாகத்தை வாங்க வேண்டும்?

முதல் முறை செய்கிறவர்கள் ‘ரோசு’ வாங்குங்கள், அதாவது முதுகுப்பக்கக் கறி. ஒரு ஓரத்தில் மட்டும் கொழுப்புப் பட்டை ஓடும், மற்றதெல்லாம் சதை. கொஞ்சம் பழகிய பிறகு ‘கட்டா ரோசு’, தோளை ஒட்டிய பகுதி. அதில் கொழுப்பு சதைக்குள்ளேயே கோடு கோடாக ஓடுவதால் ஒரு நிமிடம் கூடுதலாக வெந்தாலும் வறண்டுபோகாது. என் கைக்கு இதுதான் பிடித்தது. ‘பரா’ என்பது வயிற்றுப் பக்கம், சுவை அதிகம், ஆனால் வாணலியில் கொழுப்பு வெள்ளமாக நிற்கும், அதை ஒற்றியெடுக்கும் வேலை கூடும். ‘ஹிரே’ என்னும் முதுகெலும்பின் உட்பக்க மென்சதையில் கொழுப்பு மிகக் குறைவு, இந்த முறைக்கு அது சரிப்படாது.

ஜப்பானில் இருப்பவர்களுக்கு ஒரு சுலபமான வழி: சூப்பர் மார்க்கெட்டில் ‘ஷோகாயாக்கி யோ’ என்று ஒட்டிய பொட்டலத்தை எடுங்கள். ‘ஷோகாயாக்கிக்கு உரியது’ என்று பொருள். மூன்று நான்கு மில்லிமீட்டர் கனத்தில் ஒரே சீராக வெட்டியிருப்பார்கள். இரண்டு பேருக்கு 250 முதல் 300 கிராம் போதும்.

எங்கள் ஊர்க் கடையில் மெல்லிசாக வெட்டித் தர மாட்டார்கள். என்ன செய்வது?

எலும்பில்லாத முதுகுக்கறியாக ஒரே கட்டியாக வாங்கிக்கொள்ளுங்கள். ஈரத்தைத் துடைத்து, பிளாஸ்டிக் தாளில் இறுகச் சுற்றி ஃப்ரீசரில் ஒரு மணி நேரம் வையுங்கள். கல்லாக உறையக் கூடாது. விரலால் அழுத்தினால் மேலே விறைப்பாகவும் உள்ளே கொஞ்சம் இளகியும் இருக்க வேண்டும். அந்தப் பக்குவத்தில் கூரான கத்தி வெண்ணெயில் இறங்குவது போல இறங்கும். சதையின் நார் எந்தத் திசையில் ஓடுகிறது என்று பார்த்து அதற்குக் குறுக்கே வெட்டுங்கள். ஐந்து மில்லிமீட்டர் வந்தாலும் பரவாயில்லை.

சாற்றுக்குச் சரியான அளவு என்ன?

இரண்டு பேருக்கு: சோயா சாஸ் 2 மேசைக்கரண்டி, மிரின் 2, சாக்கே 2, சர்க்கரை 2 தேக்கரண்டி, துருவிய இஞ்சி 1 தேக்கரண்டி. மேசைக்கரண்டி என்றால் 15 மி.லி., தேக்கரண்டி 5 மி.லி. சோயா, மிரின், சாக்கே மூன்றும் சம அளவு என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் எத்தனை பேருக்கும் கூட்டிக் குறைக்கலாம். சர்க்கரை உங்கள் வாய்க்கு ஏற்றபடி. முன்கூட்டியே ஒரு கிண்ணத்தில் எல்லாவற்றையும் கலந்து, சர்க்கரை கரைந்ததா என்று பார்த்து, அடுப்புப் பக்கத்தில் தயாராக வையுங்கள். கறி வெந்துகொண்டிருக்கும்போது பாட்டில் மூடியைத் திறந்துகொண்டு நிற்க நேரம் இருக்காது.

உப்பு தனியாக வேண்டாம். சாதாரண சோயா சாஸில் ஏறக்குறைய 16 சதவீதம் உப்பு இருக்கிறது.

எந்த சோயா சாஸ்?

‘கொய்குச்சி’ என்ற அடர்நிற வகை. ஜப்பானில் உற்பத்தியாகும் சோயா சாஸில் மிகப் பெரும் பங்கு இதுதான், வேறெதுவும் சொல்லாமல் ‘ஷோயு’ என்றால் இதுவே. ‘உசுகுச்சி’ நிறத்தில் வெளிர், அதனால் உப்பும் குறைவு என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். உண்மையில் அதில்தான் உப்பு கூடுதல். ஃப்ரைட் ரைஸுக்கு ஊற்றுகிற கரிய, கெட்டியான சாஸ் இதற்கு வேண்டாம். அதில் நிறத்துக்குக் கேரமல் சேர்த்திருப்பார்கள், வற்றும்போது கசப்பு தட்டும். சோயா, கோதுமை, உப்பு, தண்ணீர் என்று மட்டும் எழுதியிருக்கும் புளிக்கவைத்த சாஸாகப் பார்த்து வாங்குங்கள்.

மிரின் கிடைக்கவில்லை. அல்லது, வீட்டில் மது சேர்க்க மாட்டோம். வேறு வழி உண்டா?

உண்டு. முதலில் மிரின் என்ன என்று தெரிந்துகொண்டால் மாற்று சேர்ப்பது சுலபம். ஒட்டரிசியை வேகவைத்து, ‘கோஜி’ என்ற பூஞ்சை வளர்ந்த அரிசியோடும் ஷோச்சு என்ற வடித்த மதுவோடும் சேர்த்துப் பல வாரங்கள் ஊறவிட்டுப் பிழிவது அசல் மிரின். அரிசியின் மாவுச்சத்து இனிப்பாக மாறிவிடும். அதில் மது சுமார் 14 சதவீதம். அந்த இனிப்பு ஒரே வகைச் சர்க்கரை இல்லை, பலவகைச் சர்க்கரைகள் கலந்தது. வெறும் வெள்ளைச் சர்க்கரையில் வராத மிருதுவான பளபளப்பு மிரினில் வருவது அதனால்தான். ‘மிரின் சுவையூட்டி’ என்று மலிவாக விற்பதில் மது ஒரு சதவீதத்துக்கும் கீழே. வீட்டுச் சமையலுக்கு அதுவும் மோசமில்லை.

மிரின் மட்டும் இல்லையென்றால் ஒவ்வொரு மேசைக்கரண்டிக்கும் ஒரு மேசைக்கரண்டி சாக்கே, ஒரு தேக்கரண்டி சர்க்கரை. மதுவே வேண்டாம் என்றால் மிரின், சாக்கே இரண்டின் அளவுக்கும் வெறும் தண்ணீர் ஊற்றி, சர்க்கரையை ஒன்றரை மேசைக்கரண்டியாகக் கூட்டி, ஒரு தேக்கரண்டி தேன் விடுங்கள். தேன் அந்தப் பளபளப்பைக் கிட்டத்தட்ட கொண்டுவந்துவிடும். கறியின் வாடையைப் போக்க இஞ்சியைக் கொஞ்சம் தாராளமாகப் போடுங்கள்.

மது கொதித்தால் முழுவதும் ஆவியாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். இரண்டு மூன்று நிமிடச் சமையலில் முழுவதும் போகாது, கொஞ்சம் தங்கும். மத நம்பிக்கையாலோ உடல்நிலையாலோ மதுவைத் தவிர்ப்பவர்களுக்குச் சமைக்கும்போது இதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

கறியை முன்னாலேயே சாற்றில் ஊறவைக்கலாமா?

நம் கை பழக்கத்தில் முதலில் தோன்றுவது அதுதான், மசாலா தடவி ஊறவைப்பது. இங்கே அது எதிராக வேலை செய்யும். சர்க்கரையும் சோயாவும் ஏறிய கறியைச் சூடான வாணலியில் போட்டால் கறி சிவப்பதற்கு முன் சர்க்கரை கருகும். உப்பு கறியிலிருந்து நீரை வேறு இழுத்துவிடும்.

இஞ்சி விஷயத்திலும் கவனம் வேண்டும். இஞ்சியில் புரதத்தை உடைக்கும் நொதி இருக்கிறது. பத்து நிமிடம் ஊறினால் கறி இளகும், மணிக்கணக்கில் விட்டால் மேல்பக்கம் குழைந்து மாவு மாதிரி ஆகிவிடும். தடித்த துண்டாக இருந்தால் ஒரு மேசைக்கரண்டி சாக்கேயும் கொஞ்சம் இஞ்சிச் சாறும் மட்டும் பிசறிப் பத்து நிமிடம் வைத்து, நன்றாகத் துடைத்துவிட்டுச் சமையுங்கள். மெல்லிய துண்டுக்கு அதுவும் தேவையில்லை.

சரி, செய்முறை?

சோறு முதலில். ரைஸ் குக்கருக்கு முக்கால் மணி நேரமாவது ஆகும், ஆகவே வீட்டுக்குள் நுழைந்ததும் அரிசியைக் கழுவிப் போட்டுவிடுங்கள், அல்லது காலையிலேயே நேரம் குறித்துவைத்துவிடுங்கள். அப்புறம் முட்டைக்கோஸ் நறுக்குவது, சாறு கலப்பது. கறி அடுப்பில் ஏறுவது கடைசி வேலை, ஏனென்றால் அது முடிந்த நிமிடமே சாப்பிட வேண்டிய உணவு.

ஒவ்வொரு துண்டிலும் கொழுப்பும் சதையும் சேருகிற கோட்டில் கத்தி நுனியால் இரண்டு மூன்று இடத்தில் சிறு கீறல் போடுங்கள். அந்தக் கோட்டில் ஒரு சவ்வு ஓடுகிறது, சூடு பட்டால் அது சதையைவிட வேகமாகச் சுருங்கித் துண்டையே கிண்ணம் போலக் குவித்துவிடும். இந்தக் கீறலுக்கு ‘சுஜி கிரி’ என்று பெயர். எதிர்வீட்டுப் பாட்டி இதை மட்டும் ஒருநாளும் விட்டதில்லை.

கறியை டிஷ்யூவால் ஒற்றி, மேலே மாவு தூவுங்கள். அங்கே ‘கட்டகுரிகோ’ என்ற உருளைக்கிழங்கு மாவு, இங்கே கார்ன்ஃப்ளார் போதும். ஒரு மேசைக்கரண்டி எடுத்து டீ வடிகட்டியில் போட்டுத் தட்டினால் பனி விழுந்த மாதிரி மெல்லிய படலமாக விழும். கூடுதல் மாவை உதறிவிடுங்கள். சாற்றைக் கறியோடு பிடித்துவைப்பது இந்தப் படலம்தான்.

அகலமான வாணலியில் ஒரு மேசைக்கரண்டி எண்ணெய், மிதமான சூட்டுக்குக் கொஞ்சம் மேலே. துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்புங்கள். ஒன்றரை நிமிடம் தொடாதீர்கள். ஓரங்கள் வெளுத்து, அடிப்பக்கம் பொன்னிறமாகப் பிடித்ததும் திருப்பிப் போட்டு இன்னொரு நிமிடம். 26 செ.மீ. வாணலியில் நான்கைந்து துண்டுதான் பிடிக்கும். மிச்சத்தை அடுத்த ஈட்டில் வாட்டிக்கொண்டு, பிறகு எல்லாவற்றையும் சேருங்கள்.

இப்போது வாணலியைச் சாய்த்து, தேங்கிய கொழுப்பை டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள். இதைச் செய்யாவிட்டால் சாறு எண்ணெயோடு பிரிந்து நிற்கும், கறியில் ஒட்டவே ஒட்டாது. துடைத்த பிறகு கிண்ணத்தில் இருக்கும் சாற்றை ஒருமுறை கலக்கி ஊற்றுங்கள். சுர்ரென்று பொங்கும்.

எந்தப் பதத்தில் இறக்க வேண்டும்? எனக்கு ஒரு நாள் தண்ணீராக நிற்கிறது, மறுநாள் கருகுகிறது.

இந்த உணவின் உயிரே சாறு வற்றுகிற அந்த ஒன்றரை நிமிடத்தில்தான் இருக்கிறது, ஆகவே நிதானமாகச் சொல்கிறேன்.

சாறு விழுந்தவுடன் எழும் குமிழிகள் சின்னச் சின்னதாக, சோப்பு நுரை போல வெளிறியிருக்கும். ஆவியில் மது நெடி மூக்கைக் கிள்ளும். முப்பது நாற்பது வினாடியில் அந்த நெடி அடங்கி, சோயா வறுபடும் இனிப்பு வாசனை வரும். அப்போது குமிழிகளைப் பாருங்கள்: எண்ணிக்கை குறைந்து, ஒவ்வொன்றும் பெரிதாகி, மேலே எழுந்து சோம்பலாக வெடிக்கும். நிறம் பழுப்பிலிருந்து செம்பழுப்புக்கு மாறும். இந்த நேரத்தில் கறியைப் புரட்டிப் புரட்டி, சாற்றைக் கரண்டியால் அள்ளி மேலே விட்டுக்கொண்டே இருங்கள். கரண்டியால் வாணலியின் அடியில் ஒரு கோடு இழுங்கள். கோடு உடனே மூடிக்கொண்டால் இன்னும் நேரம் இருக்கிறது. ஒரு நொடி அடித்தளம் தெரிந்து மெல்ல மூடினால் அடுப்பை அணைத்துவிடுங்கள்.

பாகு காய்ச்சிப் பழகியவர்களுக்கு இதை ஒரே வரியில் சொல்லலாம்: விரலில் பிசுக்கென்று ஒட்டும் பதம், கம்பி வருவதற்கு முந்தையது. கம்பிப் பதம் வரும் வரை விட்டால் தட்டுக்குப் போவதற்குள் இறுகிவிடும், ஏனென்றால் அணைத்த பிறகும் வாணலிச் சூட்டில் பாகு கொஞ்சம் ஏறும்.

தவறிக் கூடுதலாக வற்றிவிட்டால் அடுப்பை அணைத்து ஒரு மேசைக்கரண்டி தண்ணீர் விட்டு வாணலியைச் சுழற்றுங்கள், இளகிவிடும். கருகிய வாசனை வந்துவிட்டால் மட்டும் ஒன்றும் செய்ய முடியாது. கறியை உடனே வேறு தட்டுக்கு மாற்றி, சாற்றை விட்டுவிடுங்கள்.

தண்ணீராக நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: நிறையக் கறியை ஒரே ஈட்டில் போட்டு, அது நீர் விட்டு, வாட்டுவதற்குப் பதில் அவிந்திருக்கும். அந்த மாதிரி ஆனால் கறியை வெளியே எடுத்துவிட்டு சாற்றை மட்டும் வற்றவிட்டு, பிறகு கறியைத் திரும்பச் சேருங்கள். சாறு வற்றும் வரை கறியும் உள்ளேயே கிடந்தால் அது தோலாகிவிடும்.

இத்தனை குறைந்த நேரத்தில் பன்றிக்கறி வெந்துவிடுமா? பயமாக இருக்கிறது.

பயம் நியாயமானது. நாடாப்புழு, ஹெப்படைட்டிஸ் இ வைரஸ் இரண்டும் அரைவேக்காட்டுப் பன்றிக்கறி வழியே வரக்கூடியவை. ஜப்பானில் உணவகங்கள் பச்சைப் பன்றிக்கறி பரிமாறுவதை 2015 ஜூனில் அரசு தடை செய்தது. அங்கே சொல்லும் அளவு, கறியின் நடுப்பகுதி 75 டிகிரி செல்சியஸில் ஒரு நிமிடம் அல்லது 63 டிகிரியில் முப்பது நிமிடம். அமெரிக்க வேளாண் துறை 2011இல் முழுத் துண்டுகளுக்கு 63 டிகிரியும் மூன்று நிமிட ஓய்வும் போதும் என்று சொன்னது. நான் 75ஐத்தான் கைக்கொள்கிறேன், இந்த மெல்லிய துண்டுக்கு அதனால் சுவையும் கெடாது.

மூன்று நான்கு மில்லிமீட்டர் துண்டு இரண்டு பக்கமும் சேர்த்து இரண்டரை நிமிடம், அப்புறம் கொதிக்கும் சாற்றில் ஒன்றரை நிமிடம். அதற்குள் முழுவதும் வெந்துவிடும். தடித்த துண்டாக இருந்தால் சாறு ஊற்றுவதற்கு முன் தீயைக் குறைத்து, மூடி போட்டு இரண்டு நிமிடம் கூடுதலாக வையுங்கள். வெட்டிப் பார்த்து இளஞ்சிவப்பு தெரிந்தால் இறக்க வேண்டாம். பச்சைக் கறியை எடுத்த இடுக்கியை வெந்த கறிக்குப் பயன்படுத்தாதீர்கள்.

பூண்டு, மிளகாய்த்தூள் சேர்க்கலாமா?

ஒரு பல் பூண்டு துருவிச் சேர்ப்பது அங்கேயும் உண்டு. மிளகாயைச் சாற்றில் போடாமல் சாப்பிடும்போது மேலே தூவுங்கள். அதற்கென்றே ‘ஷிச்சிமி’ என்ற ஏழு பொருள் பொடி இருக்கிறது. மிளகாய், எள், உலர்ந்த ஆரஞ்சு வகைத் தோல், சான்ஷோ என்ற வாய் மரக்கும் மிளகு வகை எல்லாம் சேர்ந்தது. டோக்கியோவின் யாகென்போரி கடை இதை 1625இலிருந்து விற்கிறது. கரம் மசாலா, கறிவேப்பிலை பக்கம் மட்டும் கை போக வேண்டாம். அது தனிக் கறி, அதற்குத் தனி நாள் வையுங்கள்.

கூட என்ன வைப்பது?

பச்சை முட்டைக்கோஸ், நூல் நூலாக நறுக்கியது. அதைத் தட்டில் குன்றாகக் குவித்து, கறியை அதன் மேல் சாய்த்து வைப்பார்கள், வழியும் சாறு கோஸுக்கு. நறுக்கியதை ஐந்து நிமிடம் குளிர்ந்த தண்ணீரில் போட்டு நன்றாக வடித்தால் மொறுமொறுவென்று இருக்கும். டோக்கியோவின் கின்ஸாவில் ரெங்காதெய் என்ற உணவகம் 1899இல் பன்றிக்கறிக் கட்லெட்டை அறிமுகப்படுத்தியது. 1904இல் ரஷ்யாவோடு போர் வந்து சமையலாட்கள் படைக்குப் போய்விட, காய்கறி வேகவைக்க ஆளில்லாமல் கோஸைப் பச்சையாகவே நறுக்கி வைத்தார்களாம், அதிலிருந்து வந்த பழக்கம் என்று சொல்வார்கள். இனிப்பும் கொழுப்பும் சேர்ந்த கறிக்கு அந்தப் பச்சைக் கோஸ் எத்தனை பொருத்தம் என்று ஒரு வாய் சாப்பிட்டால் தெரியும்.

இன்னொன்று மிசோ சூப், புளிக்கவைத்த சோயா விழுதான மிசோவைக் கரைத்துச் செய்வது. அதில் ஒரே கவனம்: அடுப்பை அணைத்த பிறகு மிசோவைக் கரையுங்கள், கொதித்தால் மணம் போய்விடும்.

பொன்னி அரிசிச் சோற்றோடு சாப்பிடலாமா?

தாராளமாக. ஜப்பானிய அரிசி குட்டையாக, ஒட்டும் தன்மையோடு இருப்பதால் சாறு ஒவ்வொரு கவளத்திலும் பிடித்து நிற்கும். பொன்னியில் சாறு அடிக்கு இறங்கிவிடும், அதனால் கொஞ்சம் குழைவாக வடியுங்கள். சீரகச் சம்பாவும் பாஸ்மதியும் வேண்டாம் என்பேன், அவற்றின் மணம் இஞ்சி சோயாவோடு மோதும். ஜப்பானிய அரிசியே கிடைத்தால், அந்நாட்டு ரைஸ் குக்கரோடு வரும் கப் 180 மி.லி., அதற்கு ‘ஒரு கோ’ என்று பெயர், அரிசி 150 கிராம் பிடிக்கும். இரண்டு பேருக்கு ஒன்றரைக் கப். கழுவி அரை மணி நேரம் ஊறவிட்டு வையுங்கள்.

பன்றிக்கறி சாப்பிடாதவர்கள் வீட்டில் இருக்கிறார்கள். இதே முறையில் வேறு என்ன செய்யலாம்?

தோலோடு கூடிய கோழித் தொடை. தோல் பக்கத்தை முதலில் ஆறேழு நிமிடம் நிதானமாக வாட்டிவிட்டு, திருப்பி உள்வரை வேகவிட்டு, அப்புறம் இதே சாறு. பன்னீரில் செய்வதைவிட இறுகிய டோஃபுவில் (சோயாப் பன்னீர்) இது நன்றாக வரும். ஜப்பானுக்குப் பயணம் போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: அங்கே மெக்டொனால்ட்ஸ் 1989இலிருந்து விற்கும் தெரியாக்கி பர்கரில் இருப்பது பன்றிக்கறி. பெயரைப் பார்த்துக் கோழி என்று நினைத்துவிட வேண்டாம்.

மீந்துபோனால்?

ஃப்ரிட்ஜில் இரண்டு நாள். சூடாக்கும்போது ஒரு மேசைக்கரண்டி தண்ணீர் தெளித்து, மூடி போட்டுச் சிறு தீயில் நன்றாக ஆவி வரும் வரை வையுங்கள், பாகு திரும்ப இளகிப் பளபளக்கும். மறுநாள் டப்பாவில் கட்டிப்போவதாக இருந்தால் ரோசுதான் நல்லது. வயிற்றுக்கறியின் கொழுப்பு ஆறியதும் வெள்ளையாக உறைந்து நிற்கும்.

அப்புறம், கறியை எடுத்த வாணலியை உடனே கழுவப் போட்டுவிடாதீர்கள். சுடச்சுட ஒரு கரண்டி சோற்றை அதில் போட்டு, ஒட்டியிருக்கும் பாகோடு பிரட்டி எடுங்கள். எங்கள் வீட்டில் அந்தச் சோற்றுக்குத்தான் முதலில் தட்டு நீளும்.